பித்தளைக் குழல் தென்காசி வந்த வழி

அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். பெல்ஜியத்துக்காரர். மரக்குழலின் நயமும் பித்தளையின் கனமும் ஒரே கருவியில் கிடைத்தால் ராணுவ பேண்டுக்கு ஆகும் என்பது அவர் கணக்கு. அமெரிக்கா போய் ஜாஸ்காரர்கள் கையில் விழுந்ததும் அதே குழல் ஆளுக்கொரு குரலில் பேசியது. கோல்மன் ஹாக்கின்ஸ் ஊதினால் கம்பீரம், லெஸ்டர் யங் ஊதினால் காதோரப் பேச்சு, சார்லி பார்க்கரிடம் மின்னல் வேகம். ஜான் கோல்ட்ரேன் 1961-இல் ‘இந்தியா’ என்றே ஓர் உருப்படி வாசித்தார். அவர் கையிலிருந்த சோப்ரானோ வகைக்கு வளைவு கிடையாது. தூரத்துப் பார்வைக்கு நம் நாகஸ்வரம்தான்.

கர்நாடக இசைக்குள் அது நுழைந்தது அரண்மனை வாசல் வழியாக. மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கினார் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கம், நாகஸ்வரக்காரர் மகன். நாகஸ்வரத்தில் விரல் துளைமேலேயே இருக்கிறது. பாதி மூடலாம், கால்வாசி திறக்கலாம், சீவாளியை உதட்டால் அழுத்தி ஸ்வரத்தை இழைக்கலாம். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே ஒரு மூடி. தோடியின் காந்தாரத்தை அதில் எப்படி அசைப்பது? கருவியிலேயே சில மாற்றங்கள் செய்தார். மிச்சத்தை உதடும் மூச்சும் பார்த்துக்கொண்டன. 1980 பம்பாய் ஜாஸ் விழாவில் அவரோடு சேர்ந்து வாசித்தவர், ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் குழுவில் இருந்த ஜான் ஹேண்டி. அதே மிங்கஸிடம் வாசித்த சார்லி மரியானோவோ தென்னிந்தியாவுக்கு வந்து நாகஸ்வரம் கற்று, அதை ஜாஸ் இசைத்தட்டுகளில் ஊதினார். கொண்டான் கொடுத்தான் உறவு!

1994-இல் கோபால்நாத்தின் சாக்ஸபோன் ஒலித்த ‘டூயட்’ படம் வந்த பிறகு தமிழ்நாட்டில் அந்தக் கருவியை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. தென்காசி, குற்றாலம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் தாலி கட்டுக்கு நாகஸ்வரம், மாலை வரவேற்புக்கு சாக்ஸபோன் என்று சில வீட்டார் பிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கத்துக் காது லேசில் மசியாது. செங்கோட்டை–நெல்லை ரயில் பாதையில்தான் காருகுறிச்சி இருக்கிறது. 1964-இல் மறைந்த நாகஸ்வர வித்துவான் அருணாசலத்தின் ஊர். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் பாடகி ஜானகியின் குரலோடு மல்லுக்கு நின்ற அந்தக் குழைவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ட்ராக் போட்டு சினிமாப் பாட்டை அச்சு அசலாக ஊதுவது எப்படி ருசிக்கும்? கரண்ட் போனால் பாட்டும் நின்றுவிடுகிறது. வாசிக்கிறவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கிறவர்கள் கேட்பது அதைத்தான்.

ஜாஸின் உயிர் அந்த நேரத்துக்குத் தோன்றுவதை வாசிப்பதில் இருக்கிறது. அது இங்கே அம்மன் கோயில் கொடை விழாக்களில் நடக்கிறது. நையாண்டி மேளத்தில் கரகம் ஆடுகிற பெண் சட்டென்று அடியை மாற்றினால், நாகஸ்வரம் அந்த நொடியே தாவிப் பிடிக்கும். தவிலும் பம்பையும் முறுக்கேறும். நான் பார்த்த கொடைகளில் சாக்ஸபோன் இன்னும் அந்தக் களத்தில் இறங்கவில்லை. இறங்கினால், தவில்காரர் முதல் சுற்றிலேயே அதன் மூச்சைச் சோதித்துவிடுவார்.