எலும்புப் புற்றில் செல் சமிக்ஞைப் புரதங்கள்: நாயும் மனிதரும்

எலும்பைக் கட்டும் செல்களே தடம் மாறிப் பெருகுவதால் உண்டாகும் புற்று ஆஸ்டியோசார்கோமா. மனிதரில் இது பெரிதும் பதின்பருவத்து நோய். உயரம் கிடுகிடுவெனக் கூடும் ஆண்டுகளில், முழங்காலை ஒட்டிய எலும்புகளில் அதிகம் தோன்றுகிறது. நாய்களில் கிரேட் டேன், ராட்வைலர், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் போன்ற பெரிய இனங்களுக்கே ஆபத்து அதிகம். முன்னங்காலின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வருவது வழக்கம். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மனிதர்களுக்கு இந்நோய் வருகிறது என்றால், நாய்களில் அந்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டுகிறது. இரு தரப்பிலும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் காலில் தெரியும் கட்டி அல்ல, அதிலிருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேரும் செல்கள்.

ஆஸ்டியோசார்கோமா என்ற பெயரை 1805 வாக்கில் வழங்கியவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் போயே. அதன் பிறகு நெடுங்காலம் காலை வெட்டி எடுப்பது ஒன்றே வைத்தியமாக இருந்தது. அப்படிச் செய்தும் ஐவரில் நால்வர் இறந்தனர். 1970களில் மெதோட்ரெக்சேட், டாக்சோரூபிசின் முதலிய மருந்துகள் வந்தபின், நோய் பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் 60 முதல் 70 சதவீதத்தினர் பிழைத்தனர். முன்னேற்றம் அத்தோடு நின்றது. ஆய்வாளர்கள் செல்லின் உள்பேச்சைக் கேட்கத் திரும்பியதற்கு இந்தத் தேக்கம் ஒரு முக்கியக் காரணம்.

செல்லின் மேல் நிற்கும் ஏற்பிப் புரதம் வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி, உள்ளே கைமாற்றி, உட்கரு வரை சேர்க்கிறது. வளர், பிரி, நில், நகர் என்பவையே அந்தச் செய்திகள். முதலில் சிக்கியவை ‘நில்’ என்னும் தரப்பைச் சேர்ந்த தடைப் புரதங்கள். கண் விழித்திரைப் புற்றுக்குக் காரணமான ஆர்பி மரபணு 1986-இல் பிரித்தெடுக்கப்பட்டபோது, எலும்புப் புற்றிலும் அது பழுதாகியிருப்பது தெரிந்தது. பி53 என்ற இன்னொரு தடையும் மனிதர், நாய் இருவரின் கட்டிகளிலும் அடிக்கடி பழுதாகிக் கிடக்கிறது.

‘நகர்’ என்னும் தரப்பில் முக்கியமானது மெட் ஏற்பி. இது கிடைத்த இடமே எலும்புப் புற்றுதான். ஆய்வகத்தில் வளர்த்த மனித எலும்புப் புற்றுச் செல்கள் ஒரு வேதிப்பொருளுக்கு ஆட்படுத்தப்பட்டு மேலும் முரட்டுத்தனமாக மாறியபோது, அவற்றிலிருந்து 1984-இல் இந்த மரபணு பிடிபட்டது. அந்த வேதிப்பொருளின் பெயரில் இருந்த ‘மெத்தில்’தான் மெட் ஆயிற்று. கல்லீரல் செல்களை வளரவைக்கும் காரணியே இதைத் தூண்டுகிறது என்பது 1991-இல் உறுதியானது. நாய்களின் கட்டிகளிலும் அதே ஏற்பி பின்னர் காணப்பட்டது.

வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1 மீது விழுந்த சந்தேகம் இயல்பானது. வளரும் பிள்ளைகளின் உடலில் அது மிகுதி. நாய் இனங்களின் உடலளவைத் தீர்மானிப்பதில் அதன் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டென்று 2007-இல் தெரிந்தது. அதற்கு முன்பே, 2002-இல் வெளியான நாய்ச் சோதனையில், இரத்தத்தில் அதன் அளவைக் குறைக்கும் ஊசியைக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அளவு குறைந்தது, ஆயுள் கூடவில்லை.

நாட்ச் என்ற ஏற்பிப் புரதத்தின் கதை இன்னும் விசித்திரம். பழ ஈயின் இறகு விளிம்பில் தென்பட்ட வெட்டுதான் (ஆங்கிலத்தில் ‘நாட்ச்’) அதன் பெயருக்குக் காரணம். அதைத் தடுத்தால் மனித எலும்புப் புற்றுச் செல்களின் ஊடுருவும் வேகம் தணிகிறது என்று 2008-இல் ஓர் ஆய்வு சொன்னது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2013-இல் நாய்க் கட்டிகளில் நாட்ச் தூண்டிவிடும் ஹெஸ்1 புரதத்தை அளந்தார்கள். சாதாரண எலும்பைவிடக் கட்டியில் அது கூடுதலாகவே இருந்தது. ஆனால் நோய் சீக்கிரம் திரும்பிய நாய்களில்தான் குறைவாக இருந்தது! கட்டியில் ஒரு புரதம் மிகுந்திருப்பதாலேயே அதைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இந்தத் துறையில் இல்லை.

ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த சிரோலிமஸ் மருந்து, செல் வளர்ச்சியை ஆளும் எம்டார் புரதத்தை அடக்கும். எலிகளில் அது நம்பிக்கை தந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒருங்கிணைத்த சோதனையில், கால் அகற்றப்பட்டுக் கார்போபிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்து பெற்ற 324 நாய்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவுக்குக் கூடுதலாகச் சிரோலிமஸ் கொடுக்கப்பட்டது. 2021-இல் வெளியான முடிவில் இரு பிரிவும் ஏறத்தாழ சமமாகவே நின்றன. நாயின் நோய் மாதக்கணக்கில் முற்றிவிடுவதால், மனிதரில் பல ஆண்டுகள் காத்திருந்து அறிய வேண்டிய விடை விரைவில் கிடைத்தது.

மெட்டையும் இரத்தக்குழாய் வளர்ச்சிக்கான ஏற்பியையும் சேர்த்துத் தடுக்கும் காபோசாண்டினிப் மாத்திரை, முற்றிய நோயுள்ள மனிதருக்குப் பிரான்சில் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 2020-இல் வெளியான முடிவின்படி, மதிப்பிட முடிந்த 42 பேரில் 5 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அந்த மாத்திரை பல ஏற்பிகளை ஒரே நேரத்தில் அடைப்பதால், பலனில் மெட்டின் பங்கு எவ்வளவு என்பதை அதைக் கொண்டு பிரித்தெடுக்க முடியவில்லை.