சித்தாளுக்கு ஒரு சிலை

தமிழில் ஊர் காட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது: ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், எதிர்ப்படுகிற இன்னொருவனுக்கு வழியையும் ஊர்களையும் அங்கே கிடைக்கும் சோற்றையும் சொல்கிறான். விறலியாற்றுப்படை என்றொரு துறையும் உண்டு. அதிலும் விறலி வழிப்படுத்தப்படுகிறவளே. உலாவுக்குப் போனால் இன்னும் மோசம். தலைவன் வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் நின்று பார்த்து மெலிவார்கள். இவற்றையெல்லாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த நான், சிங்கப்பூரில் மூன்று ஆண்டுகள் உறவினர்களுக்கு ஊர் காட்டினேன்.

2014இல் இணையருக்கு அங்கே வேலை. கல்லூரியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு மூத்த மகளோடு நானும் போனேன். எனக்குக் கிடைத்த அட்டைக்கு டிபென்டன்ட் பாஸ் என்று பெயர். சார்ந்து வாழ்பவள் என்று பொருள். விருந்தினரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவருவது இணையரின் வேலை. இட்லி மாவு, ரயில் அட்டைக்குப் பணம் நிரப்புவது, முட்டிவலிக்காரருக்கு மின்தூக்கி எந்தப் பக்கம், சைவச் சாப்பாடு எங்கே என்பதெல்லாம் சார்ந்து வாழ்பவளின் வேலை. யார் யாரைச் சார்ந்திருந்தார்கள் என்று அந்த அட்டையைக் கேட்க முடியாது.

வருகிறவர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும். மெர்லயன், செந்தோசா, முஸ்தபா கடை, மிருகக்காட்சி சாலை. மெர்லயனுக்குப் பழங்கதை ஏதுமில்லை. 1964இல் சுற்றுலா வாரியத்துக்கான சின்னமாக வரையப்பட்டது. 1972இல் சிலையாக நின்றது. சிங்கத் தலை, மீன் உடல், வாயில் தண்ணீர். அதன் முன் நின்று எடுத்த படங்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பட்டியலைக் கலைத்தவர் என் அத்தை, அதாவது இணையரின் அம்மா. தேவகோட்டைப் பக்கத்துக்காரர். 2015இல் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆறாம் மாதத்தில் இருந்தேன். வெயிலுக்கு ஒதுங்கத்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் போனோம். அத்தை ஒரு தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊர்ப் பூச்சுல்ல?” என்றார்.

நம்ம ஊர்ப் பூச்சேதான். மதராஸ் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பூசி, மெருகேறும்வரை தேய்ப்பது. 1856இல் அடிக்கல் நாட்டி 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தீவாந்தரம் அனுப்பப்பட்ட கைதிகள். 1825இலிருந்து 1873 வரை சிங்கப்பூரின் சாலைகளையும் பாலங்களையும், இன்று அதிபர் மாளிகையாக இருக்கிற கட்டடத்தையும் உருவாக்கியவர்கள் அவர்கள்தாம். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், எண்ணிக்கையில் குறைவு. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை குறுக்கிட்டார். “முட்டைய அடிச்சது யாரு? எங்க ஊருல சுண்ணாம்பு அரைக்கிறதெல்லாம் பொம்பளையாளுதான்.” என்னிடம் பதில் இல்லை.

எதிரே எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஒரு நினைவுக்குறி இருக்கிறது. 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, அந்த ஆண்டே திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்துவிட்டார்கள். இப்போதுள்ளது அந்த இடத்தைக் காட்ட 1995இல் வைக்கப்பட்டது. ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் இதே நகரத்தின் வாட்டர்லூ தெருவில் தொடங்கியது. நமக்கெல்லாம் தெரிந்த பெயர் கேப்டன் லட்சுமி. சென்னையில் மருத்துவம் படித்து 1940இல் சிங்கப்பூருக்கு வந்தவர். படையில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

மறுநாள் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் முடித்து, மேக்ஸ்வெல் சாலைப் பக்கம் நடந்தோம். நகரச் சீரமைப்பு ஆணையக் கட்டடத்துக்கு வெளியே, தலையில் மடித்துக் கட்டிய துணியோடு வேலை செய்கிற பெண்களின் சிலைகள். அத்தை நின்றுவிட்டார். “சித்தாளுக்குச் சிலை வச்சிருக்காங்களா!”

சம்சுய் பெண்கள். தென்சீனாவின் குவாங்டொங் மாநிலத்தில் உள்ள சான்சுய் வட்டாரத்தின் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. சிவப்புத் தலைத்துணி, கருநீல மேற்சட்டை, தோளில் காவடிபோல் ஒரு கம்பு, இரு முனையிலும் மண்கூடை. கட்டுமானத் தளங்களில் மண் வெட்டி, கல் சுமந்து, சாந்து தூக்கியவர்கள். எங்கள் ஊர் மேஸ்திரி “ஏ சித்தாளு” என்று கூப்பிடுகிற அதே பெண்.

அவர்கள் வந்து சேர்ந்த கதையில்தான் எனக்கு ஆர்வம். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர், ஈய விலைகள் விழுந்தன. வேலையில்லாக் கூலிகள் பெருகிவிடக் கூடாது என்று 1930இலிருந்து சீன ஆண் தொழிலாளர்களின் வருகைக்குக் காலனி அரசு வரம்பு கட்டியது. 1933இல் அதை அந்நியர் சட்டம் என்று இன்னும் இறுக்கியது. பெண்களுக்கு 1938 வரை அந்த வரம்பு இல்லை. பெண்கள் வந்தால் ஆண் பெண் விகிதம் சமப்படும், குடும்பம் அமையும் என்பது கணக்கு. சட்டத்தின் கண்ணில் ஆண் என்றால் தொழிலாளி, பெண் என்றால் மனைவி. அதே காலத்தில் அவர்கள் ஊர்ப் பக்கம் பட்டுத் தொழில் படுத்துவிட்டது. சட்டம் விட்ட அந்தச் சந்து வழியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் வந்து இறங்கினார்கள். மனைவிகளை எதிர்பார்த்த ஊருக்குக் கொத்து வேலைக்கு ஆள் வந்தது. எண்பது ஆண்டு கழித்து அதே ஊரில் என் அட்டையில் இருந்த சொல்லை நான் இதோடு சேர்த்துத்தான் படிப்பேன்.

இன்று அவர்களைச் சிக்கனத்துக்கும் உழைப்புக்கும் உதாரணமாகப் பாடப்புத்தகத்திலும் அருங்காட்சியகத்திலும் காட்டுகிறார்கள். எல்லோரும் கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்தவர்கள் என்றொரு கதையும் உலவுகிறது. சபதம் எடுத்த பெண்கள் உண்டு. கணவனை விட்டு வந்தவர்களும், பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பியவர்களும் உண்டு. நாட்டைக் கட்டிய தியாகி என்று சொல்லிவிட்டால் கூலிக் கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள். அத்தை கேட்டார்: “கூலி எவ்வளவு குடுத்தாகளாம்?” ஆம்பிளைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு என்றேன். “அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டுச் சிலையின் கம்பைத் தொட்டுப் பார்த்தார். நாத்தனார் படம் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு வாசனைத் திரவியம் வாங்க வேண்டியிருந்தது. ஆர்ச்சர்ட் சாலையில் லக்கி பிளாசா. ஞாயிறன்று அது பிலிப்பைன்ஸ் பெண்களின் ஊர். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை. வெளியே நிழல் உள்ள இடமெல்லாம் அட்டை விரித்து, சோற்றுப் பொட்டலம் பிரித்து, தொலைபேசியில் பிள்ளைகளின் முகம் பார்த்தபடி. “ஏன் அண்ணி இப்படித் தரையில உக்காந்திருக்காங்க?” என்றாள் நாத்தனார். வேறு எங்கே உட்காருவார்கள்? அவர்கள் குடியிருப்பது முதலாளியின் வீடு.

சிங்கப்பூர்ப் பெண்கள் வேலைக்குப் போவதற்காக 1978இல் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இல்லப் பணிப்பெண்கள், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியன்மர், நம் தமிழ்நாட்டிலிருந்தும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் சொன்னது 2013இல்தான். அப்போதும் பணம் கொடுத்துவிட்டு அந்த நாளிலும் வேலை வாங்க வழியிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது விட்டே ஆக வேண்டும் என்ற விதி 2023இல் வந்தது. நான் அங்கே இருந்த ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. அதில் கர்ப்பச் சோதனையும் உண்டு. கர்ப்பம் என்றால் வேலை அனுமதி போய்விடும். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், என் கர்ப்பத்துக்கு மாதாமாதம் வாழ்த்துச் சொன்னார்கள். ரயிலில் எழுந்து இடம் கொடுத்தார்கள். நானும் அந்நிய நாட்டவள்தான், அவர்களும் அந்நிய நாட்டவர்கள்தாம். ஒரு பெண் எவளாக வந்தாள் என்பதைப் பொறுத்து அவள் கருப்பை விருந்தாளியாகிறது அல்லது குற்றமாகிறது. மனைவியாக வந்தவள் வேலை செய்வதைச் சட்டம் பார்க்கவில்லை. வேலைக்கு வந்தவளிடம் வேலையைத் தவிர வேறெதையும் அது பொறுக்கவில்லை.

நாத்தனார் கடைக்குள் போயிருந்தாள். எனக்குக் கால் வீங்கியிருந்தது. கீழே இருந்த ஒரு பெண் என் வயிற்றைப் பார்த்தார். நகர்ந்து தன் அட்டையில் பாதியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அத்தையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மொழி தெரியாமலே அத்தை விரலைக் காட்டி எத்தனை பிள்ளை என்று கேட்டார். அந்தப் பெண் இரண்டு விரல் காட்டினார். “யாரு பாத்துக்கிறா?” என்று அத்தை தமிழிலேயே கேட்க, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தன் அம்மா என்றார். என் பிரசவத்துக்காகவும் பேத்தியைப் பார்த்துக்கொள்ளவும் மூன்று மாத விசாவில் வந்திருந்த அத்தை, கைப்பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்துத் திறந்து, “அவுகளுக்கு என்ன வயசாகுதாம், கேளு” என்றார்.