நன்றியை யாருக்குச் செலுத்துவது?



நன்றி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. படியளந்த மிராசுதாருக்கு விசுவாசமாக இரு என்றுதான் நம் முன்னோருக்கு அது சொல்லிக்கொடுக்கப்பட்டது. உழைத்தவர் நன்றி சொல்ல வேண்டும், உழைப்பைத் தின்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். நினைவேந்தல் கூட்டங்களில் நாம் அந்தத் திசையை மாற்றுகிறோம். ஆனால் நம் நன்றிக்கு உரியவர்கள் இங்கே இல்லை.

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்று கார் கம்பெனிகளின் ஊர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அதற்கு நூறாண்டுகளுக்கு முன் இவை பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் மிராசு கிராமங்கள். தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரி மனைகூட அவர் பிடியில் இருந்ததால், எதிர்த்துப் பேசிய படியாளைக் குடிசையோடு கிளப்பிவிட முடிந்தது.

இந்த நிலையைக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல், ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பத்தாண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்த நிலமே பஞ்சமி நிலம்.

திரமென்ஹீரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அவருக்கு நன்றி சொல்வது எளிது, சொல்லியும் வருகிறோம். ஆனால் அந்த அறிக்கை பேசுவது படியாள்களின் வாழ்க்கையை. வீடு போகும் என்று தெரிந்தே நிலம் கேட்டு மறுக்கப்பட்டவர்களின் பெயர்களை நாம் சொல்வதில்லை.

பெயர் தெரிந்தவர்களும் உண்டு. கரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. 102 ஆண்டுகளுக்கு முன்பே அரசு கொடுத்ததைத்தான் கேட்டார்கள். இந்தப் பகுதிக்குக் கார் ஆலைகள் வந்து நிலம் பணமாக மாறுவதற்கு முன்பே அந்தக் கேள்வியை எழுப்பினார்கள். இன்று ஒரு கல்லூரி மாணவர் 'பஞ்சமி நிலம்' என்று உரிமையோடு உச்சரிப்பதில் அவர்களின் பங்கு இருக்கிறது.

மாலையும் வீரவணக்கமும் தேவைதான். ஆனால் அவர்கள் கேட்டது நிலத்தை. ஆகவே நம் நன்றியும் நிலத்தின் கணக்கில் தெரிய வேண்டும். கிராமத்தின் 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 'டி.சி.' நிலம் என்று குறிக்கப்பட்ட சர்வே எண்களை எடுத்து, இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று ஒப்பிடலாம். கைமாறியிருந்தால் எந்த ஆண்டில், யாருக்கு என்று கேட்கலாம்.

தொழிற்சாலை வேலை தேடி இந்தச் சாலையில் தினமும் பஸ் ஏறும் நம் பிள்ளைகள், வழியில் கடக்கும் எந்த வயல் தங்கள் பாட்டனுக்கு ஒதுக்கப்பட்டது என்று அறியாமல் போகக் கூடாது. தோழர்களே, ஆளுக்கொரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு இதே மேடையில் உரைக்குப் பதிலாக அந்த சர்வே எண்களை வாசிப்போம்.