தூண்டு: ஒரு வினைச்சொல்லின் வழி

எண்ணெயில் அமிழ்ந்து சுடர் மங்கும் திரியை மேலே தள்ளிவிடுதலே தூண்டுதல். அதற்குரிய சிறு கோல் தூண்டுகோல். அக்கோலை வேண்டாது தானே ஒளிர்வது தூண்டாமணிவிளக்கு. மீனைப் பிடிக்கும் தூண்டிலும் இவ்வினையின் வழிவந்ததே. சூதாடி பெறும் வெற்றியைத் தூண்டிலை விழுங்கிய மீனுக்கு வள்ளுவர் ஒப்பிட்டார் (குறள் 931). ஒளி பெருக்குவதும் உயிர் பறிப்பதும் ஒரே வினையடியில் தோன்றியிருப்பது கருதத்தக்கது.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் தம் திருக்குறுக்கைப் பதிகத்தில் திருமறைக்காட்டு எலியைப் பாடுகிறார். விளக்கின் சுடர் எலியின் மூக்கைச் சுட, அந்த அசைவில் திரி தூண்டப்பெற்றுத் தீபம் ஓங்கியது. இறைவன் அதற்கு ஆளும் பேற்றை அளித்தான். நெய்யுண்ண வந்த அவ்வெலியே மறுபிறப்பில் மாபலியாயிற்று என்பது தலமரபு. எலிக்குத் திருவிளக்கேற்றும் எண்ணமே இல்லை. பயன் மட்டும் கிட்டியது.

பிறரைக் கொண்டு செய்விப்பதற்குத் தமிழிலக்கணம் ஆண்ட சொல் ஏவு. தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. கல்லைத் தொடாதவனும் கருத்தாவே! 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே கருதியது. தூண்டியதன் விளைவாகக் குற்றம் நிகழ்ந்து, தனித் தண்டனை விதிக்கப்படாதிருப்பின், செய்தவனுக்குரிய தண்டனையே தூண்டியவனுக்கும் என்றது அதன் 109ஆம் பிரிவு.

ஆயின் 107ஆம் பிரிவு கூறியது தூண்டுதலை மட்டுமன்று. ஏவிவிடுதல், கூடிச் சதிசெய்தல், வேண்டுமென்றே உதவுதல் என மூன்றையும் அது ஒரு சொல்லில் அடக்கிற்று. தமிழில் அதற்குத் தூண்டுதல் என்றும் உடந்தை என்றும் இரு வழக்குகள் உண்டு. முன்னது முதற்கூற்றுக்கே பொருந்தும். பின்னது உதவியவனையே முதலில் நினைவூட்டும். இரண்டும் முழுமையல்ல எனினும், உடந்தையே சற்று அகன்றது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வன்று. 'தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு' என்று நாளேடு எழுதும்போதே ஒருவர் கையில் தூண்டுகோல் வைக்கப்பட்டுவிடுகிறது. நீதிமன்றம் தேடுவதோ எண்ணத்தை. ஆங்கிலச் சட்டத்தில் ஏவுதலைக் குறிக்கும் சொல்லின் இலத்தீன் மூலத்துக்குக் குத்துதல் என்பது பொருள்; மாட்டைத் தார்க்கோலால் குத்தி ஓட்டுவது போன்றது. விளைவை எண்ணாமல் சினத்தில் உதிர்த்த சொல் ஏவுதலாகாது என்று 2001இல் உச்சநீதிமன்றம் கூறியது. பூசலின் சூட்டில் 'போய்ச் சாவு' என்று சொன்னதும் அவ்வாறே ஏவுதலாகாது என்று 2002இல் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. மறைக்காட்டு எலி இங்கே பேறும் பெறாது, தண்டனையும் பெறாது.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. 107ஆம் பிரிவு 45 ஆயிற்று; தற்கொலைக்குத் தூண்டுதலைக் கூறிய 306ஆம் பிரிவு 108 ஆயிற்று. எண்கள் மாறின, அந்த மூன்று கூறுகள் மாறவில்லை.