பதிவு வேறு, பரிசோதனை வேறு

ஒரு பொருளில் 'காப்புரிமை பெற்றது' என்று போட்டிருந்தால், அரசாங்கம் நன்றாகச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்திருக்கும்னு நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் பழைய காப்புரிமைச் சட்டங்களைப் படிக்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1790-ல் வந்த முதல் சட்டத்தில் பரிசோதனை உண்டு. வெளியுறவு அமைச்சர், போர் அமைச்சர், அரசுத் தலைமை வழக்கறிஞர் மூவரும்தான் சோதிக்கணும். அப்போதைய வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சன். ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. அந்த வருடம் மொத்தமே 3 காப்புரிமைகள்தான் வெளியாயின.

இது சரிப்படவில்லை என்று 1793-ல் சட்டத்தை மாற்றினார்கள். 30 டாலர் கட்டி, செயல்முறை விளக்கம் கொடுத்து, 'நான்தான் கண்டுபிடித்தேன்' என்று சத்தியம் செய்தால் போதும், காப்புரிமை கைக்கு வந்துவிடும். விஷயம் புதுசா, பழசா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். இதுதான் பதிவு முறை. அதாவது, சரிபார்க்கும் செலவு அரசாங்கத்தின் தலையிலிருந்து இறங்கி, ஏமாந்தவன் தலையில் ஏறியது.

விளைவு என்ன தெரியுமா? 1836-ல் செனட்டர் ஜான் ரகிள்ஸ் தந்த அறிக்கை கூத்தை அப்படியே சொல்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் மாதிரி அறைக்குள் போய், அங்கே இருக்கும் இயந்திரத்தைப் பார்த்து நகலெடுத்து, லேசாக எதையாவது மாற்றி, பக்கத்து அறையிலேயே புதுக் காப்புரிமைக்கு விண்ணப்பிப்பார்களாம்! பிறகு அந்தக் காகிதத்தை விவரம் தெரியாதவர்களிடம் விற்றுக் காசு பார்ப்பது.

அதே வருடம் ஜூலை 4-ல் பரிசோதனை திரும்ப வந்தது. இந்தத் தடவை அமைச்சர்கள் இல்லை, அதற்கென்றே சம்பளம் வாங்கும் பரிசோதகர். புது வரிசையில் 1-ஆம் எண் காப்புரிமை, ரயில் எஞ்சின் சக்கரம் ஒன்றுக்கு. வாங்கியவர் யார்னு நினைக்கிறீங்க? ரகிள்ஸேதான்!

ஆனால் பழசு எது என்று தெரிந்தால்தானே புதுசு எது என்று சொல்ல முடியும்? டிசம்பர் 15-ல் அலுவலகமே தீப்பிடித்து எரிந்தது. 10,000-க்குச் சற்றுக் குறைவான பழைய காப்புரிமைகளின் பதிவுகளும், சுமார் 7,000 மாதிரிகளும் சாம்பல். ஆவணங்களைத் திரட்டி மீட்க முடிந்தது சுமார் 2,800 காப்புரிமைகளை மட்டுமே.

பிரான்ஸ் பதிவு முறையை விடவில்லை, ஆனால் ஒளிக்கவும் இல்லை. காப்புரிமையை விளம்பரப்படுத்துகிறவர், 'அரசாங்க உத்தரவாதம் இல்லை' என்ற வாசகத்தையும் சேர்த்தே போடணும் என்று 1844-ல் சட்டம் போட்டார்கள். பதிவு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.