டாம்ஸ் ஓசோன் அளவி

டாம்ஸ், வளிமண்டலத்தின் மொத்த ஓசோனை விண்ணிலிருந்து அளந்த அமெரிக்கக் கருவி. 1978 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் முதன்முதலாகப் பறந்து, 1993 மே வரை இயங்கியது. வெயில் படும் நிலப்பரப்பு, கடற்பரப்பு அனைத்துக்கும் நாள்தோறும் ஓசோன் வரைபடம் தந்தது.

கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் காற்றிலும் மேகங்களிலும் பட்டுச் சிதறி விண்வெளிக்குத் திரும்புகின்றன. டாம்ஸ் அவற்றை ஆறு அலைநீளங்களில் அளந்தது. குறுகிய அலைநீளங்களை ஓசோன் மிகுதியாக உறிஞ்சும். சற்று நீண்டவற்றை அவ்வளவாகத் தொடாது. இரண்டும் திரும்பி வந்த விகிதத்திலிருந்து ஓசோனின் அளவைக் கணக்கிடலாம். அளவு டாப்சன் அலகில் குறிக்கப்படும். தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் 0 பாகை செல்சியஸில், கடல்மட்ட அழுத்தத்தில் திரட்டினால் வரும் 1 மில்லிமீட்டர் படலம் 100 அலகு. உலகச் சராசரி ஏறத்தாழ 300. ஆக, உயிர்களைக் காக்கும் கவசத்தின் தடிமன் வெறும் 3 மில்லிமீட்டர். கதிரவன் இல்லாத துருவ இரவில் இம்முறை பயன்படாது.

அண்டார்க்டிக் ஓசோன் துளையைப் பற்றிய முதல் ஆய்வறிக்கை டாம்ஸிலிருந்து வரவில்லை. அண்டார்க்டிகாவின் ஹாலி விரிகுடாவில் தரையிலிருந்த டாப்சன் கருவியின் பதிவுகளைக் கொண்டு ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் ஆகியோர் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டனர். நாசாவின் கணினி அதே தாழ்ந்த எண்களைக் குப்பையென எறிந்துவிட்டது என்ற கதை இன்றும் உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் சரியன்று. 180 அலகுக்குக் கீழான அளவுகள் ஐயத்துக்குரியவை எனக் குறியிடப்பட்டன, அழிக்கப்படவில்லை. குறியீடுகள் குவிவதைக் கண்ட ஆய்வாளர்கள் தென்துருவ நிலையத்தின் தரை அளவோடு ஒப்பிட்டனர். அங்கே காட்டிய இயல்பான எண்ணே பிழையானது என்பது பிறகு தெரிந்தது. அந்த ஆய்வாளர்களுள் ஒருவரான பவன் பார்தியா 1985 ஆகஸ்டில் பிராக் கூட்டமொன்றில் டாம்ஸ் வரைபடங்களை முன்வைத்தார். ஓரிடத்துக் குறைவு எனக் கருதக்கூடியது கண்டம் அளவுக்குப் பரந்தது என்று காட்டியவை அவைதாம்.

இக்குறைவின் காரணத்தை டாம்ஸ் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. குளோரோபுளோரோ கார்பன்களிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இலேயே கூறியிருந்தனர். துருவ மேகங்களின் மேற்பரப்பில் அந்தச் சிதைவு முடுக்கிவிடப்படுவதைத் தரை ஆய்வுகளும் விமானப் பயணங்களும் உறுதிசெய்தன. 1991இல் ஏவப்பட்ட யுஏஆர்எஸ் செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி, அச்சிதைவில் உருவாகும் குளோரின் மோனாக்சைடையே விண்ணிலிருந்து அளந்தது.

கந்தக டை ஆக்சைடும் ஏறக்குறைய அதே அலைநீளங்களை உறிஞ்சுவதால், 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை கக்கிய வாயுத்திரளும் டாம்ஸ் பதிவில் சிக்கியது. ஓசோனுக்கென அமைத்த கருவி அன்று முதல் எரிமலை ஆய்வுக்கும் உதவியது.

சோவியத் மீட்டியோர்-3, ஜப்பானின் ஏடியோஸ், எர்த் புரோப் ஆகியவற்றிலும் டாம்ஸ் கருவிகள் பறந்தன. 2004இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளில் நெதர்லாந்தும் பின்லாந்தும் அளித்த ஓமி கருவி இப்பணியைத் தொடர்ந்தது. ஓசோனோடு நைட்ரஜன் டை ஆக்சைடையும் அளந்தது.