முரசு நோயும் மூலிகையும்: ஸஹ்ராவி காட்டிய வரிசை

முரசு வீங்கி இரத்தம் கசிந்தால் நம்மட வீடுகளில் முதலில் தேடுவது கராம்பையும் உப்புத் தண்ணீரையும்தான். அந்தக் காலத்து ஹகீம்மார் இதைத்தானே செய்தார்கள் என்று அதற்கொரு நியாயமும் சொல்வோம். அந்த நியாயத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்து, 1013 அளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி எழுதிய ‘அத்தஸ்ரீப்’ முப்பது பாகங்கள் கொண்ட பெருநூல். கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. அதில் பல்லைச் சுரண்டுவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பல்லின் உள்ளும் புறமும் முரசின் இடுக்கிலும் கரடுமுரடாகக் காரை படிகிறது, பல் கறுத்தும் மஞ்சளித்தும் பச்சையாகியும் போகிறது, அந்தக் கேடு முரசுக்கும் இறங்குகிறது என்கிறார். நோயாளியின் தலையை மடியில் வைத்துச் சுரண்ட வேண்டுமாம். ஒரு நாளில் தீராவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும். உட்புறத்துக்கொன்று, வெளிப்புறத்துக்கொன்று, இடுக்குக்கொன்று என்று சுரண்டுகோல்களை வரைந்தும் காட்டுகிறார். மனிசன் மூலிகை தெரியாதவரல்ல. நூலின் மற்றப் பாகங்களில் பெரும்பகுதி மருந்துக் கலவைகள்தான். இருந்தும் காரைக்கு அவர் எடுத்தது ஆயுதம். 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனா ஜெரார்ட் அந்தப் பாகத்தை இலத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய வைத்தியர்களும் அதைப் படித்தார்கள்.

அழுக்குப் படலமே முரசு அழற்சிக்குக் காரணம் என்பதை 1965இல் டென்மார்க்கில் ஹரல்ட் லோவும் தோழர்களும் சோதித்துக் காட்டினார்கள். பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் மூன்று கிழமைக்குள் முரசு அழன்றது. மறுபடி துலக்கியதும் மாறிற்று. 1970இல் லோவின் குழு நம் மலையகத்துக்கு வந்தது. டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயை 1985 வரை திரும்பத் திரும்பப் பரிசோதித்தது. பல் தூரிகையோ பல் வைத்தியமோ எட்டாத மனிதர்கள் என்பதால்தான் அவர்களைத் தேர்ந்தார்கள். இன்று உலகத்துப் பல் வைத்திய மாணவரெல்லாம் படிக்கும் பாடம் அது. அந்தத் தொழிலாளர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வியை நம் எழுத்தாளர்களும் பெரிதாகக் கேட்கவில்லை.

கிடைத்த கணக்கு விசித்திரமானது. எல்லார் வாயிலும் அழுக்கு ஒரேயளவு நிறைந்திருந்தது. ஆனாலும் 8 வீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 வீதத்தினருக்கு நிதானமாக. 11 வீதத்தினருக்கோ முரசு அழற்சியைத் தாண்டவேயில்லை. அப்படியென்றால் கிருமி மட்டும் காரணமில்லை, கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பும் சேர்ந்தே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது என்ற எண்ணம் வலுத்தது. அழற்சியைத் தணிக்கும் தாவரச் சத்துகள் மீது ஆய்வாளர் கண் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மஞ்சளிலிருந்து குர்குமினை 1815இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைகளை அது உயிரணுவுக்குள்ளேயே மட்டுப்படுத்துகிறது. ஆனால் தின்றால் இரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். அதனால்தான் களிம்பாக்கி முரசுப் பைக்குள் வைத்துப் பார்க்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் காரையைச் சுரண்டிய பிறகு, துணை மருந்தாக. கராம்பின் யூஜினோல் அழற்சியையும் தணிக்கும், வலியையும் மரக்கச் செய்யும். அங்கேதான் வில்லங்கம். வலி போனதும் நோயும் போயிற்று என்று இருந்துவிடுகிறோம். எலும்போ வலியில்லாமலே கரைந்துகொண்டிருக்கும்.

மிஸ்வாக்கின் கதை வேறு. உகாய் மரத்து வேரில் கிருமியைக் கொல்லும் சத்தும் உண்டு, அழுக்கைத் தேய்த்தெடுக்கும் நாரும் உண்டு. ஒழுங்காகத் தேய்ப்பவருக்கு அது நல்ல தூரிகை. முரசுக்குக் கீழே இறுகிப்போன காரையை மட்டும் அந்த நார் எட்டாது. அதற்குப் பல் வைத்தியர் இன்றும் எடுப்பது, வளைவும் கூரும் மாறியிருந்தாலும், ஸஹ்ராவி வரைந்து காட்டிய வகைச் சுரண்டுகோலைத்தான்.